எம்கேட் இந்த ஆகஸ்டிலா? அவசரம் தேர்வில் இல்லை, விசாவில் இருக்கிறது

நியூஜெர்சியிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டு, கடிதத்தின் சாரத்தை முதலில் தருகிறேன்.

ஒரே மகள். ஜனவரியில் இருபது வயது முடிந்திருக்கிறது. மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் பயாலஜி படிக்கிறாள், இரண்டாம் வருடத்தின் இரண்டாவது செமஸ்டர் நடக்கிறது. சின்ன வயதிலிருந்தே டாக்டராக வேண்டும் என்று ஆசை. போன செமஸ்டரில் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி முதல் பகுதியில் சி பிளஸ் வந்துவிட்டது, அதிலிருந்து வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. அம்மாவின் திட்டம் இது: இந்தக் கோடையில் கம்யூனிட்டி காலேஜில் அதே பாடத்தை மறுபடி எடுத்து ஏ வாங்கிவிட்டால் பழைய சி பிளஸ் அழிந்துவிடும். கூடவே எம்கேட் என்ற மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கும் படித்து ஆகஸ்டில் எழுதிவிடலாம், "சரியாக வராவிட்டால் இன்னொரு தடவை எழுதிக்கொள்ளட்டும்". ஹைஸ்கூலிலேயே கல்லூரி அளவில் எழுதும் ஏபி பிசிக்ஸ் 1 தேர்வில் ஐந்துக்கு நான்கு வாங்கியிருப்பதால் பிசிக்ஸ் தேவையில்லை. செப்டம்பரில் பயோகெமிஸ்ட்ரி, ஜெனடிக்ஸ், பிசியாலஜி மூன்றையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டு, மூன்றாம் வருட முடிவில் ஜூன் மாதம் விண்ணப்பம், ஒரு வருடம்கூட வீணாகாமல் மருத்துவக் கல்லூரி.

நாத்தனார் மகன் பள்ளி முடித்த கையோடு இளநிலைப் பட்டமும் மருத்துவமும் சேர்ந்த ஏழு வருட பிஎஸ்-எம்டி படிப்பில் சேர்ந்துவிட்டான், ஊரிலிருந்து போன் பண்ணும்போதெல்லாம் இவளைப் பற்றிக் கேட்கிறார்கள். கணவர் எச்-1பி வேலை விசாவில், அம்மாவும் மகளும் அவரைச் சார்ந்த எச்-4 விசாவில். கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போட்ட ஐ-140 மனு அப்ரூவ் ஆகிவிட்டதால் மகளின் விசா பற்றிக் கவலையில்லை என்கிறார் கணவர். கிரீன் கார்டு வரிசையில் இடம் பிடித்த நாளான பிரயாரிட்டி தேதி 2017, வேலைவழிப் பிரிவுகளில் ஒன்றான இபி-2. டிசம்பரில் கோவையில் ஒரு கல்யாணம், குடும்பமாகப் போவதாக இருக்கிறார்கள். அட்வைசருக்கும் பேராசிரியருக்கும் தானே மெயில் எழுதிக் கேட்கலாமா என்றும், இதெல்லாம் சரிப்படாவிட்டால் இந்தியாவுக்கு அனுப்பி எம்பிபிஎஸ் சேர்த்துவிடலாமா என்றும் கேட்டிருக்கிறார். கடிதத்தின் கடைசியில் இருந்தது: "போன வாரம் இதைப் பேசும்போது, 'அம்மா, எனக்கு மூச்சு முட்டுது' என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் அறைக்குப் போய்விட்டாள்."

அன்புள்ள சகோதரிக்கு,

பதினான்கு வருடமாக, மருத்துவக் கல்லூரிக்குத் தயாராகும் ப்ரீமெட் பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்லும் வேலையில் இருக்கிறேன். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எந்தப் பாடம், எந்த மாதம், எந்தத் தேர்வு என்று ஒரு தாய் இவ்வளவு தெரிந்து வைத்திருப்பது எளிதல்ல, எத்தனை ராத்திரி இதற்காக உட்கார்ந்து தேடியிருப்பீர்கள் என்று தெரிகிறது. ஆனால் நீங்கள் அவசரப்படுகிற இடத்தில் அவசரம் தேவையில்லை. கவலையே இல்லை என்று நீங்கள் ஒரு வரியில் கடந்துபோன இடத்தில்தான் உண்மையான கெடு இருக்கிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் விசா

உங்கள் மகளுக்கு வரும் ஜனவரியில் இருபத்தொன்று முடிகிறது. அன்றோடு எச்-4 முடிந்துவிடும். அப்பாவின் ஐ-140 அப்ரூவ் ஆகியிருப்பது அவளுடைய வயதை நிறுத்தி வைக்காது. பிள்ளைகளின் வயதைக் காக்க ஒரு சட்டம் இருப்பது உண்மைதான், ஆனால் அது உங்கள் பிரயாரிட்டி தேதிக்கு கிரீன் கார்டு எண் கிடைக்கும் நாளில் அவளுக்கு என்ன வயது என்று பார்த்து, ஐ-140 பரிசீலனையில் இருந்த நாட்களை மட்டும் அதிலிருந்து கழிக்கும். பிரீமியம் கட்டணம் கட்டி இரண்டு வாரத்தில் வாங்கியிருந்தால் கழிவதும் அந்த இரண்டு வாரம்தான். மாதாமாதம் வரும் விசா புல்லட்டினில் இந்தியர்களுக்கான இபி-2 வரிசை எங்கே நிற்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். 2017-க்கு முன்னால் பெரிய கூட்டம் நிற்கிறது. ஜனவரிக்குள் உங்கள் முறை வரும் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

அதனால் அவள் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கும். அதற்கு அவளுடைய பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகம் சேர்க்கையை உறுதிசெய்யும் ஐ-20 படிவம் தர வேண்டும், பிறகு விசா வகையை மாற்றக் கேட்கும் ஐ-539 விண்ணப்பம் போட வேண்டும், முடிவு வர மாதக்கணக்கில் ஆகலாம். பிறந்த நாளுக்கு முன்பே விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்பது அடிப்படை. கோடை விடுமுறையிலேயே இதைத் தொடங்கிவிடுங்கள். நல்ல குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு மணி நேரமாவது பேசுங்கள், அப்பா கம்பெனியின் வழக்கறிஞர் கம்பெனிக்கான வழக்கறிஞர், உங்கள் மகளுக்கானவர் அல்ல. கிரீன் கார்டு வரிசையில் இருக்கும் குடும்பத்துப் பிள்ளை, படித்து முடித்ததும் ஊர் திரும்புவேன் என்று காட்டி மாணவர் விசா கேட்பதில் சில நுணுக்கங்கள் இருக்கின்றன. அதை வழக்கறிஞர்தான் கையாள வேண்டும்.

இது மருத்துவக் கல்லூரித் திட்டத்தையும் நேராகப் பாதிக்கும். எச்-4 ஆனாலும் எஃப்-1 ஆனாலும், பெரும்பாலான கல்லூரிகள் அவளை வெளிநாட்டு மாணவராகத்தான் பார்க்கும். நாட்டில் எம்டி என்ற மருத்துவப் பட்டம் தரும் கல்லூரிகள் நூற்றைம்பதுக்கு மேல், அவற்றில் வெளிநாட்டு மாணவர்களின் விண்ணப்பத்தைப் பார்ப்பவையே சுமார் ஐம்பதுதான். அவற்றிலும் சில, ஒரு வருடத்திலிருந்து நான்கு வருடம் வரைக்குமான செலவைப் பணமாகக் காட்டு அல்லது தனிக் கணக்கில் போட்டுவை என்று கேட்கும். தனியார் கல்லூரியில் நான்கு வருடச் செலவு மூன்று லட்சம் டாலரைத் தாண்டுவது சாதாரணம், மத்திய அரசின் கல்விக் கடனும் அவளுக்குக் கிடைக்காது. எஃப்-1 ஆனதும் இப்போது கட்டுகிற உள்ளூர் கட்டணம்கூட மாறலாம், பல்கலைக்கழகத்தின் கட்டண அலுவலகத்தில் கேட்டு வையுங்கள். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. இதே நிலையிலிருந்து மருத்துவக் கல்லூரி போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஐம்பது வாசல் மட்டும் திறந்திருக்கும்போது அரைகுறை விண்ணப்பத்தோடு போய் நிற்க முடியாது. எந்தக் கல்லூரி யாரை எடுக்கிறது என்பது மருத்துவக் கல்லூரிகளின் சங்கமான ஏஏஎம்சி நடத்தும் எம்எஸ்ஏஆர் தளத்தில் ஒவ்வொரு கல்லூரிப் பக்கத்திலும் இருக்கிறது, சிறு சந்தாதான். அந்தப் பட்டியலை முதலில் போடுங்கள், பாடத்திட்டம் அதிலிருந்து வரட்டும்.

இன்னொன்று. எச்-4-ல் இருக்கும் பிள்ளை சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது. மற்ற ப்ரீமெட் பிள்ளைகள் டாக்டருக்குக் குறிப்பெழுதும் ஸ்கிரைப், ஆம்புலன்ஸில் போகும் இஎம்டி என்று போவதைப் பார்த்து இவளும் போகக்கூடாது. சம்பளம் வேண்டாம் என்று சொல்லிச் செய்தாலும், வழக்கமாகச் சம்பளம் கொடுக்கும் வேலையென்றால் சிக்கல்தான். ஆஸ்பத்திரியில் தன்னார்வலர்களுக்கென்றே இருக்கும் பணி, இறுதிக்காலப் பராமரிப்பு தரும் ஹாஸ்பிஸில் நோயாளிகளோடு உட்கார்ந்திருப்பது, டாக்டர் பின்னாலேயே நின்று பார்க்கும் ஷேடோயிங், இவை போதும். மருத்துவக் கல்லூரிகளும் இதைத்தான் மதிக்கின்றன.

சி பிளஸ் அழியாது, அழிய வேண்டியதும் இல்லை

பல்கலைக்கழகங்கள் சில, பாடத்தைத் திரும்ப எடுத்தால் பழைய மதிப்பெண்ணை நீக்கி, ஜிபிஏ என்ற சராசரியைப் போடும். மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்ப அமைப்பான ஆம்காஸ் அப்படிச் செய்யாது. அவள் படித்த ஒவ்வொரு கல்லூரியின் டிரான்ஸ்கிரிப்டும் போக வேண்டும், கம்யூனிட்டி காலேஜில் ஒரே ஒரு பாடம் எடுத்திருந்தாலும், ஹைஸ்கூலில் இருக்கும்போதே கல்லூரிக் கிரெடிட் எடுத்திருந்தாலும். இரண்டு மதிப்பெண்ணையும் சேர்த்துத்தான் கணக்கிடுவார்கள்.

கணக்கையே போட்டுப் பார்ப்போம். ஜிபிஏ 3.62 என்று எழுதியிருக்கிறீர்கள், இந்த செமஸ்டர் முடியும்போதும் அதே 3.62, அறுபது கிரெடிட் என்று வைத்துக்கொள்வோம். கோடையில் நான்கு கிரெடிட் பாடத்தை மறுபடி எடுத்து ஏ வாங்கினால் ஜிபிஏ 3.64 ஆகும். அவ்வளவுதான், 0.02 ஏறுவதற்கு ஒரு முழுக் கோடை. அதை விட்டுவிட்டு அடுத்த அறுபது கிரெடிட்டைப் பதறாமல் 3.85 அளவில் படித்தால் மொத்தம் 3.73-ஐத் தாண்டும். அறிவியல் பாடங்களுக்கு மட்டும் ஆம்காஸ் தனியாக ஒரு ஜிபிஏ போடும், அங்கேயும் இதே கதைதான்.

சி பிளஸ் என்பது பெரும்பாலான கல்லூரிகளில் கட்டாயப் பாடத்துக்குப் போதுமான மதிப்பெண். சி மைனஸ் வந்திருந்தால் நானே திரும்ப எடுக்கச் சொல்லியிருப்பேன். இப்போது ஆர்கானிக் இரண்டாம் பகுதியில் பி பிளஸ் ஓடிக்கொண்டிருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அந்த வரியை ஏதோ ஓரமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அதுதான் கடிதத்திலேயே நல்ல செய்தி. முதல் பகுதியில் தடுமாறியவள் இரண்டாம் பகுதியில் எழுந்து நிற்கிறாள், அடுத்து பயோகெமிஸ்ட்ரியில் ஏ வாங்கினால் அந்த சி பிளஸ் ஒரு கதையின் ஆரம்பமாக மட்டும் தெரியும். இரண்டாம் பகுதியை நல்லபடி முடித்தவள் முதல் பகுதியைத் திரும்ப எடுத்தால், படிக்கிற தேர்வுக் குழுவுக்கு அது புரியவே புரியாது. பதினைந்து வாரப் பாடத்தை ஆறு வாரத்தில் திணிக்கும் கோடை வகுப்பில் இன்னொரு பி வந்தால், அதுவும் ஏட்டில் நிற்கும்.

ஏபி பிசிக்ஸ் விஷயமும் அப்படித்தான். ஏபி கிரெடிட்டைக் கட்டாயப் பாடமாக ஏற்காத மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன, ஏற்பவையும் அதற்கு மேல்நிலைப் பாடம் ஒன்றைக் கேட்பதுண்டு. தவிர, ஏபி பிசிக்ஸ் 1-ல் பெரும்பாலும் இயக்கவியல்தான். எம்கேட்டில் மின்சுற்று, ஒளியியல், ஒலி, அணுக்கரு எல்லாம் வரும். உங்கள் பட்டியலில் இருக்கும் வாசல்களே ஐம்பதுதான் என்னும்போது, அவற்றில் சிலவற்றை ஏபி காரணமாக மூடிக்கொள்ள வேண்டாம். பல்கலைக்கழகத்திலேயே இரண்டு செமஸ்டர் பிசிக்ஸ், லேபோடு எடுக்கட்டும்.

"எழுதிப் பார்க்கட்டும்" என்பது எம்கேட்டுக்குச் செல்லாது

நாமெல்லாம் பிளஸ் டூ இம்ப்ரூவ்மென்ட் எழுதி மார்க் ஏற்றிக்கொண்ட பிள்ளைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள். இப்போதும் ஊரில் ஒரு வருடம் உட்கார்ந்து நீட் மறுபடி எழுதினால், போன தடவை என்ன மார்க் என்று கவுன்சிலிங்கில் யாரும் கேட்பதில்லை. அதனால் 'ஒரு தடவை எழுதிப் பார்' என்பது நமக்கு இயல்பாக வருகிறது. எம்கேட் அப்படி இல்லை. அவள் எழுதும் ஒவ்வொரு தேர்வின் மதிப்பெண்ணும் விண்ணப்பிக்கும் எல்லாக் கல்லூரிக்கும் தானாகப் போய்விடும். இதைக் காட்டு, அதை மறை என்று தேர்ந்தெடுக்க முடியாது. ஒரு வருடத்தில் மூன்று, அடுத்தடுத்த இரண்டு வருடங்களில் நான்கு, வாழ்நாளில் ஏழு, அவ்வளவுதான் வாய்ப்பு. தேர்வு முடிந்ததும் மதிப்பெண் வேண்டாம் என்று ரத்து செய்யலாம், ஆனாலும் அது ஒரு வாய்ப்பாகக் கணக்கில் சேரும். பதிவு செய்துவிட்டுப் போகாமல் இருந்தாலும் சேரும்.

இந்த ஆகஸ்டில் அவள் எதோடு போய் உட்காருவாள் என்று பாருங்கள். மொத்தம் நான்கு பகுதி, 230 கேள்வி, இடைவேளையெல்லாம் சேர்த்து ஏழரை மணி நேரம். முதல் பகுதியான வேதியியல்-இயற்பியலில் ஏறக்குறைய கால் பங்கு பிசிக்ஸ், கால் பங்கு பயோகெமிஸ்ட்ரி. இரண்டையும் அவள் கல்லூரியில் தொட்டதே இல்லை. அதாவது அந்தப் பகுதியில் பாதி. உயிரியல் பகுதியிலும் கால் பங்கு பயோகெமிஸ்ட்ரி. கடைசிப் பகுதி ஏறக்குறைய முழுக்க உளவியலும் சமூகவியலும். இன்னொன்று கார்ஸ், ஒன்பது உரைப்பகுதி, 53 கேள்வி, 90 நிமிடம். தத்துவம், கலை, வரலாறு என்று எதையாவது கொடுத்து, எழுதியவர் என்ன சொல்ல வருகிறார் என்று கேட்பார்கள், மனப்பாடம் எதுவும் உதவாது. நம் வீட்டுப் பிள்ளைகள் அதிகம் சறுக்குவது இதில்தான். தினம் ஒரு நீளமான நல்ல கட்டுரையை, பாடத்துக்குச் சம்பந்தமில்லாததை, நிதானமாகப் படிக்கும் பழக்கம் வந்தால் மெல்ல மெல்ல ஏறும். அதை இந்தக் கோடையிலேயே தொடங்கலாம், ஒரு பைசா செலவில்லை.

மதிப்பெண் 472-லிருந்து 528 வரை. மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவர்களின் சராசரி 511, 512 வாக்கில் இருக்கிறது, அவர்களுடைய ஜிபிஏ 3.8-க்கு நெருக்கம். வெளிநாட்டு மாணவருக்கு அதற்கு மேல் இருந்தால் நல்லது.

சில வருடம் முன்பு ஒரு பையன் தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது என் அறைக்கு வந்தான். கையில் ஒரு நோட்டு, தவறு செய்த ஒவ்வொரு கேள்வியையும் அதில் எழுதி, ஏன் தப்பாயிற்று என்று பக்கத்தில் குறித்திருந்தான். நோட்டைப் புரட்டினேன், முக்கால்வாசி இடத்தில் 'இன்னும் படிக்கவில்லை' என்று இருந்தது. பயிற்சித் தேர்வில் 497. அப்பா அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் அவன் கவலை. தேதியை மாற்றினோம், தேர்வுக்குப் பத்து நாள் முன்பு வரை மாற்றலாம், நாள் நெருங்க நெருங்கக் கட்டணம் கூடும். பயோகெமிஸ்ட்ரி முடித்து ஒன்பது மாதம் கழித்து எழுதினான், 512. அந்த 497 எந்த ஏட்டிலும் இல்லை, அவனுடைய நோட்டில் மட்டும்தான் இருக்கிறது.

அப்படியென்றால் எப்போது?

இந்தக் கோடையில் கம்யூனிட்டி காலேஜும் வேண்டாம், எம்கேட்டும் வேண்டாம். ஆஸ்பத்திரித் தன்னார்வப் பணி, வாசிப்பு, விசா வேலை, கொஞ்சம் தூக்கம். செப்டம்பரில் பயோகெமிஸ்ட்ரி, பிசிக்ஸ் முதல் பகுதி, கூட சமூகவியலோ புள்ளியியலோ ஒன்று. ஜெனடிக்ஸ், பிசியாலஜி இரண்டையும் அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக எடுக்கலாம். ஜனவரியில் பிசிக்ஸ் இரண்டாம் பகுதி. எஃப்-1 ஆன பிறகு ஒரு செமஸ்டருக்குப் பன்னிரண்டு கிரெடிட்டுக்குக் குறையக்கூடாது. பாடம் கடினம் என்று சர்வதேச அலுவலகத்தைக் கேட்காமல் பாதியில் விட்டால் விசாவே போய்விடும். அதனால்தான் தாங்க முடியாத பாரத்தை ஆரம்பத்திலேயே ஏற்ற வேண்டாம் என்கிறேன்.

இதற்குப் பிறகு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, மூன்றாம் வருட ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ எழுதி, ஜூனில் விண்ணப்பிப்பது. மதிப்பெண் வர ஒரு மாதம் ஆகும், ஆம்காஸ் சரிபார்ப்புக்கும் பல வாரம் பிடிக்கும். விண்ணப்பம் வர வர இன்டர்வியூவுக்குக் கூப்பிடும் கல்லூரிகளே அதிகம், ஆகையால் ஜூன் என்றால் ஜூன்தான், தள்ளிப்போடக்கூடாது. ஆனால் இதற்கு நேரம் எங்கே? எம்கேட்டுக்கு முந்நூறு மணி நேரமாவது வேண்டும். குளிர்கால விடுமுறை நான்கு வாரத்தில் வாரம் முப்பது மணி நேரம், பிறகு செமஸ்டர் நடக்கும்போதே பதினைந்து வாரம் வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம், கூட்டினால் சரியாக முந்நூறு வரும். நடக்கக்கூடியதுதான், ஆனால் ஒரு காய்ச்சல் வந்தால்கூட இடிக்கும்.

இரண்டாவது, மூன்றாம் வருடத்தை நிதானமாக முடித்து, அதற்கடுத்த கோடையில் பத்துப் பதினோரு வாரம் அதையே வேலையாக வைத்துப் படித்து ஆகஸ்டில் எழுதி, நான்காம் வருடம் முடிந்த ஜூனில் விண்ணப்பிப்பது. இதில் ஒரு வருட இடைவெளி வரும்.

என் கருத்தைக் கேட்டால் இரண்டாவது. ஆனால் முதல் வழியை இப்போதே மூட வேண்டாம். செப்டம்பர் செமஸ்டரில் பயோகெமிஸ்ட்ரியும் பிசிக்ஸும் ஏ அல்லது ஏ மைனஸ் வந்து, பிப்ரவரி நடுவில் ஏஏஎம்சி இலவசமாகவே தரும் முழுநீளப் பயிற்சித் தேர்வில் 505-க்கு மேல் வந்தால் மே மாதமே எழுதலாம். வராவிட்டால் ஆகஸ்ட். அந்த முடிவை அந்த நாளில், அந்த எண்ணை வைத்து, உங்கள் மகள் எடுக்கட்டும்.

ஒரு வருடம் 'வீணாவது' பற்றி

இடைவெளி என்றால் தோற்றுப்போனது என்று ஊரில் நினைக்கலாம். இங்கே மருத்துவக் கல்லூரியில் சேருகிறவர்களில் பாதிக்கு மேல் ஒரு வருடமாவது இடைவெளி விட்டு வந்தவர்கள்தான். நாத்தனார் மகன் போன பிஎஸ்-எம்டி பள்ளி முடிக்கும்போதே தேர்ந்தெடுக்கப்படுகிற தனிப் பாதை. அந்தப் பாதையின் நாட்காட்டியை வைத்து இவளை அளக்கவே முடியாது.

உங்கள் வீட்டில் இடைவெளிக்கு இருக்கும் உண்மையான கேள்வி, அந்த வருடம் அவள் எந்த விசாவில் இருப்பாள் என்பது. எஃப்-1-ல் பட்டம் முடித்தால் படித்த துறையில் பன்னிரண்டு மாதம் வேலை செய்ய ஓபிடி அனுமதி கேட்கலாம், பயாலஜிக்கு, அறிவியல் துறைகளுக்கான ஸ்டெம் நீட்டிப்பும் உண்டு. பட்டம் முடிய தொண்ணூறு நாள் இருக்கும்போதிலிருந்தே விண்ணப்பம் போடலாம். அந்தப் பன்னிரண்டு மாத ஓபிடி காலத்தில் மொத்தம் தொண்ணூறு நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருக்கக்கூடாது. ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் ஒரு வருடம் என்றால் சம்பளம், அனுபவம், நல்ல பரிந்துரைக் கடிதம் மூன்றும் வந்துவிடும். அந்த வருடமே விண்ணப்பத்துக்குப் பலமாகிவிடும்.

இந்தியாவுக்கு அனுப்புவது பற்றி இப்போது நினைக்காதீர்கள். நீட் எழுதி, நாலரை வருடப் படிப்பும் ஒரு வருட இன்டர்ன்ஷிப்பும் முடித்து, அமெரிக்காவில் பணிபுரிய யுஎஸ்எம்எல்இ என்ற உரிமத் தேர்வு எழுதி, ஆஸ்பத்திரிப் பயிற்சியான ரெசிடென்சி இடத்துக்கும் போட்டி போட வேண்டும். இங்கே எம்டி முடிக்கும் மாணவர்களில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் ரெசிடென்சி கிடைத்துவிடுகிறது, வெளிநாட்டில் படித்து வரும் வெளிநாட்டவருக்கு அது அறுபது சதவீதம் வாக்கில்தான். அவள் இந்தியாவிலேயே டாக்டராக வாழ ஆசைப்பட்டால் அது வேறு பேச்சு, நல்ல பேச்சும்கூட. சி பிளஸ்ஸுக்குப் பயந்து போகிற இடம் அது இல்லை.

மெயில் யார் எழுதுவது

நீங்கள் எழுத வேண்டாம். கல்லூரியில் சேர்ந்த பிறகு மதிப்பெண் விவரங்கள் பிள்ளைக்கு உரியவை, அவள் எழுத்தில் சம்மதம் தராமல் பெரும்பாலும் உங்களோடு யாரும் பேச மாட்டார்கள். தவிர, அதே பேராசிரியரிடம்தான் அவள் நாளைக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்கப் போகிறாள். அம்மா மெயில் எழுதிய மாணவி என்று அவர் நினைவில் பதிவதைவிட, சி பிளஸ் வாங்கிய பிறகு வாராவாரம் அறைக்கு வந்து சந்தேகம் கேட்ட மாணவி என்று பதிவது நல்லது.

கடைசியாக அந்த மூச்சு முட்டுகிற விஷயம். சாப்பிடாமல் போவது ஒரு நாளோடு நின்றதா என்று கவனியுங்கள். தூக்கம் கெட்டு, வகுப்புக்குப் போகாமல் இருப்பது தொடர்ந்தால், பல்கலைக்கழகத்தின் மனநல ஆலோசகரைப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் தனிக் கட்டணம் இருக்காது, அங்கே பேசுவது மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தில் எங்கும் வராது. டாக்டராவது இன்னமும் அவள் ஆசைதானா என்றும் ஒரு நாள் கேளுங்கள். காரில் போகும்போது, இரண்டு பேரும் முன்னால் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கேட்டால் பிள்ளைகள் எளிதாகப் பதில் சொல்வார்கள். எந்தப் பதில் வந்தாலும் அன்றைக்கே அதன் மேல் திட்டம் போடாதீர்கள்.

கோவைக் கல்யாணம் பற்றி வழக்கறிஞரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள். விசா மாற்ற விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது அவள் நாட்டை விட்டுப் போனால், அந்த விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். சென்னையில் இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் எஃப்-1 முத்திரை வாங்கிக்கொண்டு திரும்புவதும் ஒரு வழிதான், ஆனால் அங்கே மறுத்துவிட்டால் ஜனவரி செமஸ்டருக்கு அவளால் திரும்ப முடியாது. வழக்கறிஞர் பதில் சொல்லும்வரை அவளுக்கு மட்டும் டிக்கெட் எடுக்காமல் இருங்கள்.